கழுகுகளுக்கு நடுவே ஓர் உடும்பு

நெடுங்கேணிப் பக்கம் வெள்ளைத்தலைக் கழுகை உயிரோடு கண்டவர் எவரும் இல்லை. ஆனால் சந்தியில் நின்று பார்த்தால் அது இல்லாத இடமும் இல்லை. விளையாட்டுக் கழகத்துக்குக் கழுகு, ஓட்டோவின் பின்கண்ணாடியில் கழுகு, சலூன் பெயர்ப்பலகையில் கத்தரிக்கோலைக் கவ்விக்கொண்டு இன்னொரு கழுகு. கழுகு அலுத்தவர்கள் சிங்கத்துக்குப் போவார்கள். செயற்கை நுண்ணறிவு போனுக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு சிங்கத்துக்கும் இறக்கை முளைத்துவிட்டது. கால்விரல்தான் ஒன்றிரண்டு கூடிப்போகும். எழுத்துக்கு நிழல், நிழலுக்குத் தங்க விளிம்பு, விளிம்புக்கு நெருப்பு. ஒருவராலும் வாசிக்க முடியாவிட்டால் அது நல்ல டிசைன் என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ஜெயரூபி டிசைன் கடை போட்டாள். துணிச்சல்தான்.

அதற்கு முன் வவுனியாவில் ஓர் அச்சகத்தில் பல வருடம் கணினிக்கு முன்னால் இருந்தவள். சாமத்தியவீட்டுப் பனர், மரண அறிவித்தல், திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவள் கையால்தான் போகும். கண்ணீர் அஞ்சலியில் வாடிக்கிடந்த அதே ரோசாப்பூ அடுத்த நாள் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் பனரில் சிரிக்கும். மூலையில் அச்சகத்தின் போன் நம்பர் இருக்கும், செய்தவளின் பெயர் எங்கும் இருக்காது. தான் கீறிய படம் ஒன்று, ஒன்றே ஒன்றாவது, ‘இது ஜெயரூபி கீறினது’ என்று ஊர் சொல்லும்படி வெளியே போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இருக்கவில்லை. முதலாளியிடம் சொன்னாள்.

“கீறச் சொல்லி ஆர் பிள்ளை வரப்போயினம்? எல்லாம் கூகிளில கிடக்கு” என்றார் அவர்.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு நெடுங்கேணிக்கு வந்து கடையைத் திறந்தாள். முதலாளி சொன்னது பொய்யில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் போனை நீட்டினார்கள். “உதை அப்பிடியே போட்டுத் தாங்கோ.” அவள் மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். கடைக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆட்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் அதே அச்சகத்துக்குத் தலைகுனிந்து திரும்ப வேண்டியதுதான்.

அப்போதுதான் பிரஷாந்தினி வந்தாள். பனிச்சங்குளம் வளர்மதி கழகத்தின் பெண்கள் கபடி அணிக்குத் தலைவி. நெளுக்குளத்தில் நடக்கவிருந்த சுற்றுப்போட்டிக்கு ஜேர்சி அடிக்க வேண்டும். கையில் போன், போனில் கழுகு.

“உங்கட ஊரில கழுகு இருக்கோ?” என்று கேட்டாள் ஜெயரூபி.

“அக்கா, ஊரில இல்லாட்டி என்ன? பார்க்கக் கெத்தா இருக்குத்தானே.”

“ரெண்டு நாள் தா. நான் ஒண்டு கீறிக் காட்டுறன். பிடிக்காட்டிக் கழுகே போடுறன்.”

அன்று பின்னேரமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பனிச்சங்குளத்துக்குப் போய், குளக்கட்டில் குந்தியிருந்து பயிற்சியைப் பார்த்தாள். ‘கபடி கபடி’ என்று பாடி வந்த ஒரு பிள்ளையின் கணுக்காலைப் பிரஷாந்தினி எட்டிப் பிடித்தாள். அந்தப் பிள்ளை பலசாலி. பிடித்தவளையும் சேர்த்துப் புழுதியில் இழுத்துக்கொண்டு நடுக்கோடு வரை போய்விட்டது. முழங்கை உரிந்து இரத்தம் கசிந்தும் பிரஷாந்தினி கையை விடவில்லை. ஜெயரூபிக்கு அதற்குமேல் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று கோட்டில் ஓர் உடும்பு. வாலை வளைத்து, நகத்தை ஊன்றி, எதையோ இறுக்கிப் பற்றியபடி இருந்தது. ஒரே நிறம். நிழலும் கிடையாது, நெருப்பும் கிடையாது. தூரத்தில் நின்று பார்த்தாலும் உடும்பு உடும்பாகவே தெரிந்தது.

அணியில் எல்லாரும் கொதித்துப்போனார்கள். “உடும்போ! கறிச்சட்டிக்குப் போற சாமான் அக்கா அது! எங்களை உடும்பு எண்டு கூப்பிடப் போறாங்கள். பேந்து றோட்டால போக ஏலாது!”

ஜெயரூபி அவர்களோடு வாதாடவில்லை. பிரஷாந்தினியை மட்டும் பார்த்தாள்.

“அண்டைக்கு உன்னைக் கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போச்சுதே அந்தப் பிள்ளை. நீ விட்டனியோ?”

“விடேல்லை.”

“பேந்தென்ன? உன்ர பிடியைப் பார்த்துத்தான் கீறினனான்.”

பிரஷாந்தினி படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கறாராகச் சொன்னாள். “போடுறம். ஆனா ஆக்கள் சிரிச்சு எங்களைக் கேவலப்படுத்தினா, பனிச்சங்குளத்தில இருந்து ஒருத்தரும் உங்கட கடைப்பக்கம் வர மாட்டினம். நானே சொல்லித் திரிவன் அக்கா.”

“சொல்லு” என்றாள் ஜெயரூபி. வாய்தான் தைரியமாகச் சொன்னது.

ஜேர்சியைப் போட்டுக்கொண்டு எடுத்த படத்தை அணியில் ஒருத்தி பேஸ்புக்கில் போட, ஊரையே நையாண்டி செய்து வயிறு வளர்க்கும் ஒரு பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ‘கிலோ என்ன விலை?’ என்று ஒருவன். ‘மிளகு தூக்கலாப் போட்டுப் பிரட்டுங்கோ’ என்று இன்னொருவன். கனடாவில் குளிருக்குள் இருந்துகொண்டு ஒருவன் உடும்புக்கு லிப்ஸ்டிக் பூசிவிட்டிருந்தான். ஜெயரூபி ஒன்று விடாமல் எல்லாவற்றையும் வாசித்தாள். வாசிக்கக் கூடாது என்று தெரிந்தும் வாசித்தாள். அழுகை வந்தது, அழுதாள். பதில் மட்டும் எழுதவில்லை. கொமன்றில் சண்டை பிடித்து வென்றவர் உலகத்திலேயே இல்லை என்ற புத்தி அவளுக்கு இருந்தது.

போட்டி நாள் காலை அவளும் நெளுக்குளத்துக்குப் போனாள். மைக்கைப் பிடித்திருந்தவர் யோகநாதன். வாய் ஓயாத மனிதர். வளர்மதி அணி மைதானத்துக்குள் கால் வைத்ததும் தொடங்கிவிட்டார்.

“பனிச்சங்குளத்து உடும்புகள் வருகினம்! அம்மாமார் சட்டியை அடுப்பில வையுங்கோ!”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அணியில் ஒருத்தி துவாயால் நெஞ்சை மூடினாள். “மூடாதை” என்று அதட்டினாள் பிரஷாந்தினி. மரத்தடியில் நின்ற ஜெயரூபிக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது.

ஆனால் விளையாட்டுத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்களின் கூத்து வெளியே வந்தது. வந்திருந்த அணிகளில் பாதிக்குமேல் கழுகு. ஒரு அரையிறுதியில் எதிரெதிரே நின்ற இரண்டு அணிக்கும் அதே நீலம், அதே கழுகு, அதற்குக் கீழே அதே மின்னல். இரண்டு பேரும் இணையத்தில் ஒரே இடத்தில் படத்தை இறக்கியிருக்கிறார்கள்! கோட்டுக்கு மேல் ஆட்கள் குவிந்து விழுந்தால் எந்தக் கை எவருடையது என்று நடுவருக்குத் தெரியவில்லை. யோகநாதனும் “கழுகுப் பிள்ளை பாடி வாறா... மன்னிக்க வேணும், மற்றக் கழுகு” என்று தடுமாறினார். கடைசியில் ஒரு அணி ஜேர்சியை உட்புறம் வெளியே வரும்படி மாற்றிப் போட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அந்த அணிக்கு ஜேர்சி உபயம் சுவிசில் இருக்கும் ஒரு மகன், காலமான தகப்பனின் ஞாபகார்த்தமாக. எங்கள் பக்கத்து வழக்கப்படி அமரரின் படம் கழுகுக்குக் கீழே, நெஞ்சிலேயே இருந்தது. இப்போது அது உள்ளே போய்விட்டது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த மகன் உடனே அணி முகாமையாளருக்குப் போன் எடுத்துவிட்டார்.

“அப்பா எங்கை? அப்பாவைக் காணேல்லை!”

“உள்ளுக்கு இருக்கிறார் அண்ணை, பத்திரமா இருக்கிறார்” என்று முகாமையாளர் கெஞ்சியதை மைதானத்தில் பாதிப் பேர் கேட்டார்கள்.

இதற்கிடையில் வளர்மதி ஒன்றன்பின் ஒன்றாக வென்றுகொண்டு வந்தது. யோகநாதனுக்கு இந்த அணியோடு மட்டும் குழப்பம் வரவில்லை. “உடும்பு பிடிச்சால் விடுமோ?” என்று அவர் நக்கலை மறந்து கத்தத் தொடங்கினார். மத்தியானத்துக்குப் பிறகு சனமும் கத்தியது. காலையில் சட்டி வைக்கச் சொன்னபோது சிரித்த அதே சனம்தான்.

இறுதிப் போட்டி அமரரின் அணியோடு. இப்போது ஜேர்சியை நேராகப் போட்டு, அமரரும் வெளியே வந்திருந்தார். புள்ளிகள் சமம், கடைசிப் பாட்டு அவர்களுடையது. நெட்டையான ஒரு பிள்ளை பாடிக்கொண்டு வந்து ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். பிரஷாந்தினி பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். நெட்டைப்பிள்ளை விழுந்து, கையை நீட்டி, நடுக்கோட்டை நோக்கி நிலத்தைப் பிறாண்டினாள். ஒரு சாண்தான் மிச்சம். “உடும்பு! உடும்பு!” என்று மைதானம் அதிர்ந்தது. ஜெயரூபி தானும் கத்துவதை அறியாமல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். பாடியவளின் மூச்சு அறுந்தது. நடுவர் விசிலை ஊதினார். வென்றுவிட்டார்கள்!

பரிசளிப்புக்கு முன் யோகநாதன் மைக்கைத் தட்டினார். “உந்த உடும்பைக் கீறின ஆள் ஆர்? இஞ்சை நிக்கிறாரோ?”

ஜெயரூபி மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். புழுதியும் வியர்வையுமாக ஓடிவந்த பிரஷாந்தினி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடு பிரஷா, வெக்கமாக் கிடக்கு.”

“விட மாட்டன்.”

இழுத்துக்கொண்டு போய் மைக்குக்கு முன்னால் நிறுத்தினாள். யோகநாதன் ஒரு கணம் திகைத்து, பிறகு மரியாதையாகக் கேட்டார். “பேரைச் சொல்லுங்கோ தங்கச்சி.”

“ஜெயரூபி” என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

“சனத்துக்குக் கேக்கேல்லை. பலமாச் சொல்லுங்கோ.”

அவள் மைக்கைத் தன் கையில் வாங்கினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“ஜெயரூபி! நெடுங்கேணி ஜெயரூபி! நான்தான் கீறினனான்!”

மைதானத்தின் நான்கு மூலையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் அது கேட்டது. கழுகு போட்ட பிள்ளைகளும் சேர்ந்து கைதட்டினார்கள்.