பெற்றவனிடம் பிள்ளையைத் தர மறுத்தவர்

யுத்த காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் பாதி காலியான கோடையில், நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் பக்கத்தில் சென்னீர்குப்பத்தில் குடியேறினோம். நாங்கள் என்றால் நான், மனைவி, ஒன்பது வயது மகள், மூன்றரை வயது மகன், என் புத்தக அலமாரி. இதில் வைத்த இடத்தில் நின்றது அலமாரி மட்டும்தான்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி நான் நிறையப் படித்தவன். படித்ததையெல்லாம், மனைவி வளர்த்துவைத்த பிள்ளைகள் மேல் பரீட்சை செய்து பார்ப்பேன். அதில் பலித்தது ஒன்றே ஒன்று. "உன் வீடு எங்கே?" என்று யார் கேட்டாலும் பையன் மூச்சுவிடாமல், "திருவல்லிக்கேணி, கோயில் பின்தெரு, ஏழாம் நம்பர்" என்பான். தொலைந்துபோனால் உதவும் என்று பழக்கியது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்கச் சொல்லி, அவன் ஒப்பிப்பதைக் கேட்டு நான் பூரிப்பேன். வீடு மாறி இரண்டு மாதமாகியும், பாடத்தை மாற்ற வேண்டுமென்று இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் ஒரு துண்டோடு கொல்லையில் ஊறிக்கொண்டிருந்தேன். மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க, தம்பியக் காணோம்!"

முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தோம். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு இன்றுவரை வரவில்லை. கிணற்றில் அவன் இல்லை. தெருவிலும் இல்லை. பெங்களூர் ரோட்டு முனையில் மோர் விற்கிற அம்மாள்தான் சொன்னாள்: "ஒரு புள்ள ஆட்டுக்குட்டி பின்னாடி வந்துட்டு அழுதுகினு நின்னுச்சி சாமி. வைக்கோல் வண்டிக்காரரு தூக்கி ஒக்கார வச்சிகினு பட்டணம் பக்கமா போனாரு."

ஓடினேன். காலில் செருப்பில்லை, கண்ணில் எண்ணெய், ஒரு கை துண்டுக்குக் காவல். மூச்சு நின்றுவிடும் போலிருந்தபோது வண்டி தெரிந்தது. வைக்கோல் மலை உச்சியில் என் வாரிசு, ராஜா மாதிரி, நுங்கு தின்றுகொண்டிருந்தான்.

"நிறுத்துங்கள்! அது என் மகன்!"

வண்டிக்காரர் நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். சாட்டையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"ஆரு நீ? இன்னா கோலம் இது?"

"குழந்தையின் தகப்பன்."

"புள்ள திருவல்லிக்கேணின்னு தெருவு, நம்பரு எல்லாம் சொல்லுது. நீ எங்கேர்ந்து ஓடியாறே?"

"சென்னீர்குப்பத்திலிருந்து."

"பாத்தியா, உன் வாயாலயே வந்துச்சி." பையன் பக்கம் திரும்பினார். "இன்னா ராஜா, இவுரு உங்க நைனாவா?"

பையன் நிதானமாகப் பார்த்தான். எண்ணெய்க் குளியலுக்காக மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன்.

"எங்கப்பா கண்ணாடி போட்டிருப்பார்" என்று சொல்லிவிட்டு நுங்குக்குத் திரும்பினான். எப்போதும் உண்மையே பேச வேண்டும் என்பதும் நான் கற்றுக்கொடுத்ததுதான்.

"நான்தானடா அப்பா! பட்டணத்திலிருந்து இங்கே குடிமாறி வந்தோமே!" என்றேன். என் குரல் எனக்கே பிள்ளை பிடிக்கிறவன் குரலாகக் கேட்டது.

"இன்னா வேணா சொல்லிக்க. அந்த ஊட்டாண்ட வா, அவுங்க ஆமான்னா தர்றேன். ரோட்டுல வச்சி உன் கையில குடுக்கமாட்டேன்." மாட்டை அதட்டினார்.

திருவல்லிக்கேணி வீடோ நாங்கள் கிளம்பிய நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது. அந்தத் தெருவில் எங்களைத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். என்ன சொல்லி நம்பவைப்பது? நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாட்டை உயர்ந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணாத்தே! எங்க நைனாவப் போயி இன்னா சொல்லிகினு கீறே? எண்ண தேச்சிகினு குந்திகினு இருந்தாரு, அப்படியே ஓடியாந்துட்டாரு. டேய் தம்பி, எறங்குடா!"

என் மகள்! பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புழுதியில் குளித்து வந்து நின்றாள். இலக்கணம் பிசகாமல் பேச நான் பழக்கிய பெண். இரண்டு மாதத்தில் இந்தப் பாஷையை எங்கே பிடித்தாளோ! ஆனால் அதைவிட இனிய தமிழை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பையன் "அக்கா!" என்று கத்திக்கொண்டு வைக்கோலில் சறுக்கி, நுங்கோடு அவள்மேல் விழுந்தான்.

வண்டிக்காரர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடடா, பெரிய மனுசரு! சாட்டையால ரெண்டு வச்சிருப்பேனே சாமி!"

பட்டணம் காத்திருக்கட்டும் என்று வண்டியைத் திருப்பி, எங்கள் மூவரையும் வைக்கோல்மேல் ஏற்றிக்கொண்டார். ஊர்வலம் போலத் தெருவுக்குள் நுழைந்தோம். சனமெல்லாம் வாசலில் நின்று ஆரவாரம் செய்தது. எண்ணெய் உடம்பில் வைக்கோல் ஒட்டி, நான் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி கையசைத்தேன். மனைவி பையனை வாங்கி அணைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வண்டிக்காரருக்கு இலை போட்டாள். புது விலாசம் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம் அன்றே மகளுக்குப் போயிற்று.

பிள்ளைகள் இன்று என்னைவிட உயரம். வெளியே போனால் எப்போது திரும்புவார்கள் என்று சொல்லவும் மாட்டார்கள். பெற்றவனே வந்து கெஞ்சினாலும் பிள்ளையைக் கொடுக்காத அந்த மனிதரைப் போல நாலு பேர் ரோட்டில் போய்க்கொண்டிருப்பார்கள் என்ற தைரியத்தில்தான், இன்றும் அவர்களை நான் வாசல் தாண்ட விடுகிறேன்.