சுருதிக் குமிழில் சந்தனம்

இணையத்தில் வாங்கிய பழைய அனலாக் சின்தசைசர் கீபோர்டு இன்று கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்தது. டிக்கோயா வீட்டுக்குத் தூக்கிவந்து மேசையில் வைத்தேன்.

கை கழுவிவிட்டு வருவதற்குள் மனைவி சாம்பிராணி காட்டி, ஒவ்வொரு குமிழுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டாள்.

பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். கட்டைகள் எல்லாம் பேசின. சுருதிக் குமிழ் மட்டும் திரும்பவில்லை. சுருதி அரைக்கட்டை இறங்கியே நிற்கிறது. சனிக்கிழமை பூண்டுலோயாவில் கல்யாணக் கச்சேரிக்கு இதைத்தான் வாசிக்க வேண்டும்.

விற்றவருக்குப் போன் போட்டேன்.

"அனுப்புறப்ப நல்லா திரும்புச்சுங்க அண்ணே. வந்ததும் போட்டுப் பாத்தீங்களா?"

"பூச போட்டுட்டுப் பாத்தேன்."

"சந்தனம் உள்ள எறங்கியிருக்குமோ?"

"தெரியலைங்க."

உண்மையிலேயே தெரியவில்லை. கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். அதுவும் வரவில்லை. ஊசியால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

"பூச போடாம எப்படிங்க சுவிட்ச போடுறது?" என்கிறாள் மனைவி.

அவள் கேட்பதும் நியாயம்தான். புதிதாக வேன் எடுத்தாலும், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கிய பிறகுதானே பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறோம்?