நாற்பது பேரை நிற்க வைத்தவள்

இந்த உலகத்தில் இன்றைக்கு மரம் என்று ஒன்று நிற்கிறதென்றால் அதற்கு என் அத்தைதான் காரணம். மழை அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் பெய்யும். காற்று அவளைக் கண்டால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போகும். ஒருமுறை புயல் ஒன்று எங்கள் ஊர்ப்பக்கம் வந்தது. அத்தை பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டது. இதெல்லாம் சத்தியம். இனிமேல் சொல்லப்போவதில்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வனத்துறையில் மரம் குறிக்கிறவள். தேக்குத் தோட்டத்தில் கன்றுகளை நெருக்கமாகத்தான் நடுவார்கள். வளர வளர ஒன்றின் வெளிச்சத்தை ஒன்று பிடுங்கிக்கொள்ளும். அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சத்தை எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு இடம் விடவேண்டும். எது போகணும், எது நிற்கணும் என்று ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, நாடா வைத்துச் சுற்றளவு எடுத்து, மஞ்சள் பெயிண்டில் ஒரு பட்டை போடுவாள். அவள் ஆயுதங்கள் மொத்தமே டப்பா, பிரஷ், நாடா. வீட்டில் பூசணிக்காயை வெட்டச் சொன்னால்கூட அம்மா பக்கம் தள்ளிவிடுவாள். ஆனாலும் தெருவில் அவளுக்குப் பேர் கோடாலி.

விசேஷ வீடுகளில் யாராவது புதிதாகக் கேட்பார்கள்.

"நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?"

"காட்டுல."

"ஓ, மரம் வெட்டற வேலையா?"

"இல்லீங்க. வெட்டாம விடற வேலை."

கேட்டவர் சிரித்துவிட்டு டாக்டருக்குப் படிக்கும் பையனின் அம்மா பக்கம் திரும்பிக்கொள்வார். அத்தை கவலைப்பட மாட்டாள். பந்திக்கு முதல் ஆளாகப் போய்விடுவாள். காட்டில் நடந்த காலுக்குப் பசி அதிகம்.

எங்கள் வீட்டு முன்னறை அவளுடையது. ஆணியில் மழைக்கோட்டு தொங்கும். கதவுக்குப் பின்னால் பழைய செய்தித்தாளை வாயில் திணித்துக்கொண்டு இரண்டு பூட்ஸ் காயும். மண்ணெண்ணெயும் பெயிண்டும் பச்சை இலையும் கலந்த ஒரு வாசனை அந்த அறைக்கு உண்டு. எங்கேயாவது அந்த வாசனை வந்தால் இப்போதும் எனக்குச் சாயங்காலம் ஐந்தரை மணி ஆகிவிட்ட மாதிரி இருக்கும். அந்த நேரத்துக்கு அவள் படியில் உட்கார்ந்து, கால் விரல் இடுக்கில் தேடித்தேடி அட்டைகளைக் கழற்றிக்கொண்டிருப்பாள்.

"அண்ணி, கையக் கழுவிட்டு லைட்டைப் போடுங்க. சுவிட்செல்லாம் மஞ்சளா இருக்கு" என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். கத்தி என்ன பயன்? சுவிட்சில் அத்தையின் கட்டை விரல் இன்னும் இருக்கிறது. போன வருஷம் அப்பா வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். அந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்ததும் பிரஷைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார்.

பஸ் ரோடு வளைகிற இடத்தில் இருநூறு தேக்கு இருந்தன. அத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நட்ட கன்றுகள். பையில் கன்று, கையில் கடப்பாரை, வயது இருபத்தொன்று. ஊரிலிருந்து அவளையும் சேர்த்து வேலைக்குப் போன பதினோரு பேரில் பத்துப் பேர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்தத் தோட்டத்தை இருநூறாக்கியபோதும் குறி போட்டது அவள்தான். இருபத்தாறாம் வருஷம் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. விதைக்காக நாற்பது மரம் மட்டும் நிற்கட்டும், மற்றதெல்லாம் போகட்டும். எந்த நாற்பது என்பது அத்தையின் பொறுப்பு. அந்த நாற்பதிலிருந்து எடுக்கிற விதையில்தான் இனிமேல் சுற்றுவட்டாரம் பூராவும் நடுவார்கள்.

மூன்று மாதம் அதுவே அவளுக்கு நினைப்பு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கோலம் போடுவாள்.

"போஸ்ட் மாஸ்டரை நினைச்சாத்தான் யோசனையா இருக்கு" என்பாள்.

"அவருக்கு என்னக்கா?" என்பார் அப்பா.

"உள்ள பொந்து இருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

அப்பாவுக்குப் புரை ஏறிவிடும். தோட்டத்து மரங்களுக்கு அத்தை தெருக்காரர்கள் பேரை வைத்திருந்தாள். ஆபீஸில் எண் உண்டு. எண்ணெல்லாம் மனதில் நிற்காது, மூஞ்சிதான் நிற்கும் என்பாள். இந்த ரகசியம் எங்கள் வீட்டுச் சமையலறையைத் தாண்டிப் போகவில்லை. போயிருந்தால் தையல்காரர் எங்கள் துணியைத் தொட்டிருக்க மாட்டார்.

ஒருவழியாக நாற்பதும் முடிவாகி, பட்டை போட்டாள். வந்தது வினை.

முன்னால் இரண்டு முறையும் போகிற மரம் கொஞ்சம், நிற்கிற மரம் அதிகம். அதனால் போகிற மரத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள். இந்த முறை தலைகீழ். நிற்பதுதான் கொஞ்சம், ஆகவே நிற்கிற மரத்துக்கு அடித்தார்கள். எது குறைவோ அதற்கு அடிப்பது அவர்கள் வழக்கம்; பெயிண்ட் மிச்சம். இது அத்தைக்கும் ஆபீஸுக்கும் தெரியும். ஊருக்கு யார் சொன்னது? ஒரு போர்டு வைத்தார்கள். அதில் பதினெட்டு வரியில் ஒரே வாக்கியம். முதல் வரி படித்தவர் மூன்றாவது வரியில் கொட்டாவி விட்டார். இரண்டு முறை பார்த்தது ஊருக்கு மறக்குமா? மஞ்சள் பட்டை போட்டால் மரம் விழும். அதுவும் பார்த்துப் பார்த்து, தோட்டத்திலேயே நல்ல மரமாகப் பொறுக்கி நாற்பது!

"கோடாலிக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நெட்டையா நேரா இருக்கறதெல்லாம் போகப் போகுது" என்றார் தையல்காரர். மனு எழுதி ஆள் ஆளாகக் கையெழுத்து வாங்கினார்.

டீக்கடைக்காரர் காட்டு ஆட்களின் பிளாஸ்க்கை நிரப்ப மறுத்தார். "பால் இல்லம்மா" என்றார், பாலைக் கொதிக்க வைத்துக்கொண்டே. அத்தையின் குழுவில் மூன்று பேர். அதில் சின்னவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் தெருவில் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். அவன் பூட்ஸை எங்கள் படியில் கழற்றி வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கக்கா" என்று வெறுங்காலோடு போனான். அன்றைக்குத்தான் அத்தை சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்தேன்.

"போய் எல்லார்கிட்டயும் சொல்லேன்க்கா. வெட்டப் போறதில்லன்னு" என்றார் அப்பா.

"இருபத்தாறு வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன். இனிமே நான் வாயால சொல்லித்தான் நம்பணும்னா நம்பவே வேணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அப்போது மூக்கொழுகிக்கொண்டு பக்கத்து அறையில் தூங்கியிருப்பேன் போலிருக்கிறது. இந்தப் பேச்சு எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் சாப்பிட்டுவிட்டு மல்லாந்திருந்த மதியத்தில், யாரோ ஒரு புண்ணியவான் தோட்டத்துக்குள் புகுந்து நாற்பது மஞ்சள் பட்டையையும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். மரத்தைக் காப்பாற்றுகிறாராம்.

திங்கட்கிழமை காலையில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கினார்கள். ஏழு இயந்திர ரம்பம். கூடவே தையல்காரர் தலைமையில் ஊரும் வந்து நின்றது. மரத்தில் பெயிண்டைக் காணோம் என்றதும் ஊருக்கு ஒரே குஷி.

"எங்கய்யா குறி? இப்ப எதை வெட்டுவீங்க?" என்றார் தையல்காரர், இடுப்பில் கை வைத்து.

மேஸ்திரி காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். மரங்களை ஒரு சுற்று பார்த்தார். "பெயிண்ட் இருக்கறது நிக்கணும், இல்லாதது போகணும்னு எழுதியிருக்கு. எதுலயும் இல்லையே. அப்போ எல்லாமே போகுது" என்றார்.

இடுப்பிலிருந்த கை கீழே இறங்கியது. முதல் ரம்பம் உறுமியது.

அத்தை அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கினாள். ரம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றாள். கத்தவில்லை. ரம்பக்காரன்தான் பயந்துபோய் இயந்திரத்தை அணைத்தான். சுரண்டின இடங்களை அவள் பார்த்தாள். இரண்டு மூன்று மரங்களில் கையை வைத்தாள். அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

"லிஸ்ட் ஆபீஸ்ல இருக்கு. மத்தியானம் வந்துரும்" என்றாள்.

"மத்தியானம் வரைக்கும் நான் லாரிய நிறுத்த முடியாதும்மா."

"ஒரு மணி நேரம் கொடு. நானே திரும்பப் போட்டுடறேன்."

"இருநூறுல நாப்பது. தேக்குன்னா எல்லாத்துலயும் தோல் உரிஞ்சுதான் கிடக்கு. எது எதுன்னு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?"

"நாப்பது பேரை ஞாபகம் வெச்சுக்கிறது பெரிய விஷயமா?" என்றவள் டப்பாவைத் திறந்து முதல் மரத்தில் பட்டையை இழுத்தாள். "இது பெரிய டீச்சர். பத்தடிக்கு ஒரு புல்லு முளைக்காது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரிய டீச்சர் அங்கேயே இருந்தார். சிரிப்பு நின்றது.

"இது போஸ்ட் மாஸ்டர். எல்லா மரமும் துளிர்த்து முடிச்ச பிறகு சாவகாசமா துளிர்ப்பாரு. ஆனா கெட்டி. இது டீக்கடை அண்ணன். காத்தடிச்சா ரொம்ப ஆடுவாரு, ஒரு இலை கூட விடமாட்டாரு."

போகப்போக அவளுக்குப் பின்னால் ஊரே நடந்தது. தன் பேர் வருமா என்று ஒவ்வொருவரும் காது கொடுத்தார்கள். வந்தவர்கள் அந்த மரத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். இருபதாவது மரத்தில், "இது நம்ம தையல்காரர்" என்றாள்.

தையல்காரர் மரத்தை ஏறிட்டுப் பார்த்தார். தோட்டத்திலேயே நேரான மரம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என்னை எதுக்கும்மா நிக்க வெச்சே?" என்றார்.

"வருஷம் தவறாம காய்க்கறீங்களே."

அவருக்கு ஆறு பெண்கள். கூட்டம் வெடித்தது. மேஸ்திரிகூட விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார். தையல்காரரின் மனைவி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பில்தான், அவர் தான் எழுதிய மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஒரு மணிக்கு ஆபீஸ் லிஸ்ட் வந்தது. மேஸ்திரி நாடா பிடித்துச் சரிபார்த்தார். நாற்பதும் நாற்பது.

கோடாலி என்ற பேர் அதற்காகப் போய்விடவில்லை. பேர் என்ன சட்டையா, கழற்றிப் போட? ஆனால் கூப்பிடுகிற குரல் மாறியது. டீக்கடையில் காட்டு ஆட்களின் பிளாஸ்க் முதலில் நிரம்பியது. தையல்காரர் அட்டை ஏறாத மாதிரி முழங்கால் வரைக்கும் கெட்டித் துணியில் உறை தைத்து, அளவு பார்க்க அத்தையை வாசலில் நிற்க வைத்தார். பெண் வேண்டாமென்று போனவர்கள் திரும்பி வரவில்லை. சின்னவன் வந்தான், படியிலிருந்து அவன் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டான். அடுத்த வருஷம் ஆள் எடுத்தபோது எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் மனு போட்டார்கள். ஒருத்தி தையல்காரரின் நான்காவது பெண்.

மூன்று வருஷம் முன்னால் அத்தைக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்து வெகுதூரம் போய்விட்டாள். முன்னறையில் இப்போது அப்பாவின் சைக்கிள் நிற்கிறது. அந்த அறைக்கு வாசனையே இல்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டதால் எனக்குப் பொழுது நிறைய. பஸ் ரோடு வளைவுக்குப் போய் நாற்பது பேரையும் விசாரித்துவிட்டு வருவேன். பெரிய டீச்சர் கீழே இன்னும் புல் முளைக்கவில்லை.

இதை எழுதும்போது சுற்றளவுக் கணக்கு ஒன்று கேட்க அத்தைக்குப் போன் செய்தேன்.

"என்னைப் பத்தியா எழுதற? பெயிண்ட சுரண்டினத எழுதினியா?"

"எழுதிட்டேன் அத்தை."

"யாருன்னு எழுதின?"

"யாரோ ஒரு புண்ணியவான்னு."

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது.

"புண்ணியவான் நல்லவன்தான்டீ. கத்தி ஆழமா பட்ட எடத்துலெல்லாம் ஓடையிலேர்ந்து களிமண் கொண்டாந்து அப்பிட்டுப் போயிருந்தான். கோவத்துல சுரண்டினவன் மருந்து போடுவானா?"

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

"களிமண்ணுல கை பதிஞ்சு காஞ்சிருந்துச்சு. சின்னக் கை. எல்லா மரத்துலயும் அதே கை, வலது சுண்டு விரல் வெளிப்பக்கமா கோணிக்கிட்டு. முழு நாப்பதுலயும் அது மேலதான் பெயிண்ட அடிச்சேன்."

நான் வலது சுண்டு விரலை மடக்கிக்கொண்டு போனை இடது கைக்கு மாற்றினேன்.