சிட்டம்மாளின் பொல்லாத இளவரசி

எடுத்த எடுப்பிலேயே எறும்புகளைத் திட்டுகிறாள் சிட்டம்மாள். "இன்னாத்துக்கு வாயப் பொளந்துகினு நிக்கிறீங்க? கடுக வேற, மண்ண வேறன்னு பிரிங்க. இல்ல, கொதிக்கிற தண்ணிய புத்துக்குள்ள ஊத்திடுவன்!" திட்டுவது அவள் அல்ல, அவள் சொல்லும் கதையில் வரும் இளவரசி. ஆனால் அந்தக் குரலும் விரலை நீட்டுகிற தோரணையும் அசல் சிட்டம்மாளுடையவை. வாய் அதுபாட்டுக்குத் திட்ட, கை அதுபாட்டுக்கு நிலக்கடலையை, அந்தப் பக்கத்து மல்லாட்டையை, உடைக்கிறது.

கதை ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். ராஜாவின் கடைசி மருமகளை மாமியார் படாதபாடு படுத்துவாள். மூட்டைக் கடுகில் மண்ணைக் கலந்து கொட்டி, பொழுது சாய்வதற்குள் பிரித்து வை என்பாள். அந்த உத்தமி அழுவாள்; எறும்புகள் மனம் இரங்கி வரும். மற்றவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சிட்டம்மாளின் இளவரசியோ கூசாமல் பொய் சொல்லுவாள், மாமியார் ஒளித்து வைத்த அதிரசத்தைத் திருடித் தின்பாள், எறும்புகளை மிரட்டி வேலை வாங்கிக்கொண்டு ஒரு கடுகுகூடக் கூலி தரமாட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போன ராட்சசன் அவள் வாய்க்குப் பயந்து, தானே சுமந்து வந்து அரண்மனை வாசலில் இறக்கிவிட்டு ஓட்டம் பிடிப்பான்.

"ஏம்மே, அவள நல்லவளாத்தான் சொல்லேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கும் ஆண்டாளம்மாள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"நல்லவளப் பத்தி இன்னாத்த சொல்றது? அயுவா, கும்புடுவா, செத்துப்பூடுவா. அதான் தெனம் நம்ம வூட்டாண்டயே நடக்குதே!"

சிட்டம்மாளையும் நல்லவள் என்று சொல்ல காலனியில் ஆள் கிடைக்காது. இரவல் வாங்கிய முறம் அவள் வீட்டிலேயே இற்றுப்போகும். உத்திரமேரூர் பஸ்ஸில் ஜன்னலோரத்து இடத்துக்காகக் கண்டக்டரின் சட்டையைப் பிடித்திருக்கிறாள். அவள் புருஷன் கோபால் வாய் திறந்து பேசிக் கேட்டவர்கள் குறைவு. இருந்தும் ஆனி மாதத்தில் ஏரி வற்றி, நிலமெல்லாம் காய்ந்து கிடக்கிறபோது, நிலக்காரர் தாண்டவராயன் வீட்டிலிருந்து முதலில் ஆள் வருவது அவளைத் தேடித்தான். ஆடி விதைப்புக்கு மல்லாட்டையை மிஷினில் உடைத்தால் பருப்பு நசுங்கிவிடும். ஆகவே பெண்கள் களத்து மரநிழலில் வட்டமாக உட்கார்ந்து கையால் உடைக்கிறார்கள். அந்த நாளில் ஊரில் இருக்கும் ஒரே கூலி வேலை அது.

தாண்டவராயன் மனைவி ஆதிலட்சுமியம்மாளுக்கு ஒரே ஒரு கவலை, விதை யார் வாய்க்குள்ளும் போய்விடக் கூடாது. கதை கேட்கிறவர்கள் 'உம்' கொட்டுவது வழக்கம். மென்றுகொண்டே 'உம்' கொட்டலாம் என்பதைக் கண்டுபிடித்தவள் இந்தம்மாள்தான். ஆகவே அவள் களத்தில் மட்டும் வாயை நன்றாகத் திறந்து 'ஆங்' என்றுதான் சொல்ல வேண்டும். வாய்களுக்கெல்லாம் காவல் வைத்தாயிற்று என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

இந்த வருஷம் வந்தது வினை. டிரான்சிஸ்டரும் தையல் மிஷினும் சீராகக் கொண்டு வாலாஜாபாத்திலிருந்து மருமகளாக வந்தவள் கோவிந்தம்மாள். சமையற்கட்டு ஜன்னலோரம் நின்று அவளும் கதை கேட்டாள். ஒரு நாள் மாவரைக்கச் சொன்ன மாமியாரிடம், "எனக்குக் கை நோவுது அத்த. எறும்புங்கள வரச் சொல்றன்" என்றாள்.

ஆதிலட்சுமியம்மாள் நேராகக் களத்துக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏ சிட்டம்மா! அந்த எளவரசி சனியன் இன்னிக்கி மாமியா கால்ல வியணும், மன்னிப்பு கேக்கணும். அப்படி சொல்றதுன்னா சொல்லு. இல்லாங்காட்டி எந்திரிச்சிப் போயிகினே இரு. நாளையிலருந்து என் களத்துல காலு வெக்காத."

கோபாலுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு மாதமாகிறது. வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கூலியில்தான். ஆண்டாளம்மாள் முழங்கையால் இடித்தாள். "சொல்லித் தொலையேம்மே. கததான?"

கதைதான். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் யார் குடி முழுகப்போகிறது? சிட்டம்மாள் கையிலிருந்த தோலைக் கீழே போட்டாள்.

"எளவரசி மாமியா காலாண்ட வந்தா" என்று ஆரம்பித்தாள்.

"ஆங்."

"குனிஞ்சா."

"ஆங்." ஆதிலட்சுமியம்மாளின் முகம் மலர்ந்தது.

"மாமியா கால்ல கெடந்த தங்கக் கொலுசக் கயட்டினா, தன் கால்ல மாட்டிக்கினா. 'இன்னா அத்த மொறைக்கிற? எனக்கு நல்லாத்தான கீது'ன்னுட்டு நடந்துகினே பூட்டா!"

சமையற்கட்டுப் பக்கமிருந்து களுக்கென்று ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

"எந்திரிடி!" என்றாள் ஆதிலட்சுமியம்மாள். உடைத்ததற்கு உண்டான கூலியை எல்லாரோடும் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் போகிறாளா என்று பார்த்தபடி அங்கேயே நின்றாள்.

சிட்டம்மாள் எழுந்தாள். நிதானமாகக் களத்தைத் தாண்டினாள். வேலிப்படலைத் திறந்து வெளியே போய், அதைத் திரும்பச் சாத்தவும் செய்தாள். அதற்கு அப்பால் பஞ்சாயத்து ரோடு, தாண்டவராயனுக்கு அதில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. சமையற்கட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே வந்ததும் நின்றாள். புடவையை இழுத்துச் செருகி, கொதிக்கிற புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினாள்.