ரைட்டர் வீட்டு வாசலில் நின்றவர்

சிறுநீரகக் கல்லை எடுப்பது டாக்டர் வேலை. எடுத்த பிறகு யாருக்குக் கிருமி ஏறும் என்று முன்கூட்டியே கணித்து, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவது என்னைப் போன்ற நர்ஸ்களின் தலையெழுத்து. நீங்களும் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டுகிறவர் என்றால் சொல்லவே வேண்டாம்.

பெட்டி ஜோசியம்

சேலத்தில் கல் எடுத்துக்கொண்டு ஏற்காடு திரும்புகிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் பொறுப்பு. வயது, சர்க்கரை, யூரின் டெஸ்ட், கல்லின் அளவு எல்லாம் போட்டால் கம்ப்யூட்டர் சிவப்போ பச்சையோ காட்டும். சிவப்பு என்றால் ஆபத்து. வெள்ளக்கடை பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மணிக்குப் பளிச்சென்று பச்சை. டிஸ்சார்ஜ் அன்று அவர் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க சிஸ்டர், இந்தப் பொட்டி பொண்ணு பொருத்தமும் பாக்குமுங்களா? என்ற மச்சினனுக்கு நொம்ப நாளா தட்டிப்போவுது."

நடுக்கம்

அவர் வீடு திரும்பிய மறுநாள் போனேன். எதிரே வரும் ஆள் தெரியாத பனி. ரைட்டர் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். கீழே சேலத்தில் ஒருத்தர் இப்படி நடுங்கினால் உஷாராகிவிடுவோம். இங்கே அவர் மனைவி செல்வியக்காவும் நடுங்கினார், ஸ்வெட்டருக்குள் நானும் நடுங்கினேன். தெர்மாமீட்டரில் காய்ச்சலே இல்லை. உடம்பு சில்லென்றுதான் இருந்தது. செல்வியக்கா டீயை நீட்டிச் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது: "மலையில நடுங்காத ஊடு ஏதுங்க?"

வாசல்

கிளம்பும்போது ரைட்டர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "வாசல்ல ஒருத்தரு நனைஞ்சு நிக்கிறாருங்க. உள்ள கூப்புடுங்க" என்றார். திரும்பினேன். வெறும் பனி. செல்வியக்கா வேப்பிலை பறிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்துப் பனி விலகி, சுள்ளென்று வெயில் அடித்தது. வேப்பிலையோடு வந்த செல்வியக்காவுக்கு நெற்றியில் வியர்வை. நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். ரைட்டர் மட்டும் கட்டில் ஆட நடுங்கினார், மூச்சு இரைத்தது. ரத்தத்தில் கிருமி ஏறினால் சிலருக்குக் காய்ச்சல் வராது, உடம்பு சில்லிட்டுப் புத்தி தடுமாறும் என்று படித்தது அப்போதுதான் உறைத்தது. எஸ்டேட் ஜீப்பை வரச்சொன்னேன். கொண்டை ஊசி வளைவு முழுக்க, என் பக்கத்துக் காலி இடத்தைக் காட்டி அவர் சொன்னது ஒன்றேதான்: "தள்ளி உக்காருங்க சிஸ்டர், அவரும் வர்றாருங்க."

ரிவ்யூ

பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர். ரிவ்யூவுக்குத் தெளிவாக, வெள்ளைச் சட்டையில் வந்தார். அன்று உளறியதெல்லாம் மறந்திருக்கும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். செல்வியக்கா மருந்து வாங்கப் போனதும் குரலைத் தாழ்த்தினார்: "ஏனுங்க சிஸ்டர், அன்னைக்கு ஜீப்புல உங்க பக்கத்துல வந்தவரு எங்க எறங்குனாருங்க?"

அன்றிலிருந்து, நோயாளி யாரையாவது உள்ளே கூப்பிடச் சொன்னால், நான் முதலில் ஜீப்பைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வாசலைப் பார்க்கிறேன்.