தொடாத தட்டுகள்

விஷக்காய்ச்சல் என் மனைவியை விட்டுப் போனபோது அவளுடைய பசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. நாலு மாதமாக வீட்டில் ஒரே வேலைதான் நடந்தது. கஞ்சி வைப்பேன், ஆற்றுவேன், அவள் வாயருகே கொண்டுபோவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மிச்சத்தை நானே குடித்துவிட்டுச் சட்டியைக் கழுவி வைப்பேன். பகலெல்லாம் மராமத்து வேலையில் வெயிலில் நின்றுவிட்டு வந்தால் மறுபடியும் அடுப்பு காத்திருக்கும்.

வைத்தியர் ஒருநாள் மருந்துப் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்: "இனி எனக்க மருந்து ஒண்ணும் செய்யாது. அவிய தின்னணும். தின்னாத்தான் மழைக்காலத்தத் தாண்டுவாவ."

அதைக் கேட்டு எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது அலுப்புதான். பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அது. கன்னியாகுமரியில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டல் ஒன்றில் அப்போது கூரை மாற்றும் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சமையல்காரர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு துரை ஒருவர் வீட்டில் பல காலம் சமைத்தவர். உச்சிப்பொழுதில் அவர் வெண்ணெயில் வெங்காயம் வதக்கும் மணம் கூரைமேல் ஏறிவரும்போது ஓடு மாற்றும் ஆட்கள் கையை நிறுத்திவிடுவார்கள். ஓட்டல் மேனேஜர் என் வீட்டு நிலைமை தெரிந்தவர்.

"ஓவர்சியரே, ஒருநா வீட்டம்மையக் கூட்டிட்டு வாரும். எங்க ஆளுக்க கைச்சாப்பாடு தின்னா செத்தவனும் எழும்பி இருப்பான்" என்றார்.

உறவுக்காரர்கள் கேள்விப்பட்டால் மூக்கைச் சுளிப்பார்கள். யாருடைய மூக்கைப் பற்றியும் கவலைப்படும் நிலையில் நான் இல்லை. மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்வண்டி பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு முதல்முறையாகத் தலைவாரிப் பூ வைத்து, பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். சேலை உடம்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் வழியெல்லாம் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடலைப் பார்த்த மேஜையில் எதிரெதிராக உட்காரவைத்தார்கள். கலியாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை. வெள்ளைக் கோட்டும் இடுப்புப் பட்டையுமாக ஒரு பரிசாரகர் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சூப்பு கொண்டுவந்து வைத்தார். வெங்காயச் சூப்பு. மேலே ரொட்டித்துண்டு மிதந்தது.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கரண்டியைத்தான் பிடிக்கத் தெரியவில்லையோ என்று, நான் எடுத்துக் குடித்துக் காட்டினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குடித்து முடித்துக் கரண்டியைக் கீழே வைத்ததும் பரிசாரகர் வந்து இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனார். ஒருவர் தட்டை எடுத்தால் மற்றவர் தட்டையும் எடுத்துவிடுவது அங்கே வழக்கமோ என்னவோ.

அடுத்து மீன். நெய்மீன் துண்டின்மேல் வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டிருந்தார்கள். அவள் அதையும் தொடவில்லை. எனக்கோ அகோரப் பசி. நாலு மாதமாக ஆறிய கஞ்சியைக் குடித்த வயிறு அல்லவா. அவள் முகத்தைப் பார்த்தால் தொண்டையில் இறங்காது என்று தட்டைப் பார்த்துக் குனிந்து அவசர அவசரமாகத் தின்றேன். தட்டுகள் போயின. கோழி வந்தது. அதுவும் அப்படியே.

"அம்மைக்குப் பிடிக்கலியா?" என்று பரிசாரகர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மானம் போயிற்று. கடைசியில் முட்டையும் பாலும் சேர்த்து, கருக்கிய சர்க்கரைப் பாகு ஊற்றிய பலகாரம் ஒன்று தளதளவென்று வந்தது. எனக்கு எல்லாம் வெறுத்துப்போயிருந்தது. தொடாமலே என் தட்டைத் தள்ளிவைத்தேன். இரண்டு தட்டும் திரும்பிப் போயின.

இவள் பிழைக்கமாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறுதியாகத் தோன்றியது. இதற்குமேல் கொண்டுபோய்க் காட்ட என்னிடம் ஒரு சாப்பாடும் இல்லை.

திரும்பி வரும்போது கொட்டாரம் ஊரை நெருங்கியபோது பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். "ஒரு வாய் தின்னா என்னவாம்? எனக்காகவாவது ஒரு வாய் தின்னக்கூடாதா?"

அவள் வண்டியின் பின்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு வயிறு பசிக்கு."

எனக்கு விளங்கவில்லை.

"நீங்க தின்னு முடிக்கட்டுண்ணுதான் இருந்தேன். நீங்க முடிச்ச ஒடனே அந்த ஆளு எனக்க தட்டையும் தூக்கிட்டுப் போயிட்டாரு. அந்த மீனுக்க மணத்துக்கே வாயில வெள்ளம் ஊறிட்டு."

"சொல்லப்பிடாதா?"

"புருசன் தின்னுகிட்டு இருக்கும்போ எனக்குப் பசிக்குண்ணு எப்பிடிச் சொல்லுவேன்? அதும் வெளியாளுக்க முன்ன."

நான் தின்று எழுந்த பிறகு அதே இலையில் சாப்பிட்டவள் அவள். படுக்கையில் கிடந்த நாலு மாதம்தான் அந்த முறை தப்பியது. அன்று தலைவாரிப் பட்டுடுத்தி எழுந்து வந்தவள், நோயாளியாக அல்ல, பெண்டாட்டியாக வந்திருக்கிறாள். நான் வேகவேகமாகத் தின்று தின்று அவள் சோற்றைப் பறித்திருக்கிறேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

சாலையோரம் ஒரு கஞ்சிக்கடை இருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். கடைக்காரி மண்சட்டியில் சூடான கஞ்சியும், சிறுபயறும், தேங்காய்த் துவையலும் வைத்து, பலா இலையை மடக்கி ஈர்க்குச்சி குத்திய கரண்டியையும் தந்தாள். மனைவி சட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க குடியுங்க, முதல்ல."

எனக்குத் தொண்டைவரை பிரெஞ்சுச் சாப்பாடு நின்றது. "நான் தின்னாச்சு. நீதான் எதிர இருந்து பாத்தியே" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, தின்னாச்சுல்லா" என்றாள். சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பயறைக் கஞ்சியில் கலக்காமல் தனியாக அள்ளி, ஒரு மடக்குக் கஞ்சி, ஒரு வாய் பயறு என்று மாற்றி மாற்றித் தின்றாள். துவையலைக் கடைசிக்கென்று ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். அவள் இப்படித்தான் சாப்பிடுவாள் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. நான் எழுந்து கைகழுவப் போன பிறகு நடந்த காரியம் அல்லவா அது.

சட்டி காலியானதும் தலை நிமிராமலே சொன்னாள்: "கொஞ்சம் பயறு கூட வாங்கித் தாங்க."

எழுந்து கடைக்காரியிடம் போனேன். சட்டியை நீட்டி, "கொஞ்சம் பயறு கூட" என்று அவள் சொன்னபடியே கேட்டேன்.