வலது கையில வாங்குன பத்திரிகை

பக்கவாதம் வந்து ஏழு மாசமாச்சு. எங்க வூட்டுக்காரருக்குக் கால் தேறிடுச்சு. வலது கைதான் அப்படியே கெடக்கு.

இன்னைக்குப் பிசியோதெரபிக்குப் பெரம்பலூர் போக, குன்னத்துல பஸ்ஸுக்கு நின்னோம். சென்னையில இருக்குற அவரு சித்தப்பா மவன் எதுக்க வந்தாரு. அவருக்கு விஷயமே தெரியாது.

"மவளுக்குக் கல்யாணம்ண்ணே. வூட்டுக்கு வந்து வைக்காம வழியில குடுக்குறேன்னு நெனைக்காதீங்க"ன்னு பத்திரிகைய நீட்டுனாரு.

நான் வாங்கப் போனேன். இவரு மொறச்சாரு. நல்ல காரியத்துக்கு இடது கைய நீட்ட மாட்டாரே! இடது கையால வலது கையத் தாங்கித் தூக்கி நீட்டுனாரு.

வந்தவரு பதறிட்டாரு. "என்னண்ணே, தம்பிக்கிட்டப் போயி இவ்ளோ மரியாதையா வாங்குறீங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்பறந்தான் பார்த்தேன். பத்திரிகை கீழ விழல. வலது கட்டைவிரல் அதை அழுத்திப் புடிச்சிருந்துச்சு!

பெரம்பலூர் வர்ற வரைக்கும் விடல. கேட்டா, "முகூர்த்தம் எப்பன்னு பாக்குறேன்"ங்குறாரு.

மூணு மாசமா ரப்பர் பந்தைக் குடுத்து "புடிங்க சார், புடிங்க சார்"னு கெஞ்சுன பிசியோதெரபி பொண்ணு, இன்னைக்கு அவரு வெரலு பத்திரிகையப் புடிச்சிருக்குறதப் பார்த்துட்டு, என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு.

உங்க வூட்டுல விசேஷம்னா வாட்ஸப்புல அனுப்பாதீங்க. நேர்ல வந்து, அவரு கையிலயே குடுங்க.